பட்டுக்காரி

முக்குளி அண்ணனும், அவசரம் என்று பட்டப்பெயர் வாங்கிய அவர் மச்சினனும் பேச்சை நிறுத்திக்கொண்ட பிறகும் ஒரே படகில்தான் கடலுக்குப் போய்வந்தார்கள். இருந்தது ஒரு படகு. கோபத்துக்காக அதை இரண்டாக அறுக்க முடியாது. அண்ணன் முன்பக்கம் உட்காருவார். அவசரம் பின்பக்கம் மோட்டாரைப் பிடிப்பான். நடுவில் கூடை, கயிறு, தண்ணீர்க் கேன். அவசரத்தின் காலடியில் மூடி போட்ட ஒரு தகர டப்பா. முங்க வேண்டிய இடம் வந்துவிட்டது என்று அண்ணன் வாய்விட்டுச் சொல்லமாட்டார். முதுகை லேசாக நிமிர்த்துவார், அவ்வளவுதான். அவன் மோட்டாரை நிறுத்திவிடுவான்.

வீட்டுக்கு வந்தால்தான் கூத்து. நான் அந்த வீட்டு மாடியறையில் குடியிருந்தேன். எரிந்துபோன மின்விசிறிக்கும் தண்ணீர் மோட்டாருக்கும் கம்பி சுற்றிக் கொடுப்பது என் தொழில். மாடியில் காற்று வராது என்று பாதி நாள் கீழே வாசலில் உட்கார்ந்துதான் வேலை பார்ப்பேன். அதனால் என்னைக் கேட்காமலே என்னைத் தபால்காரன் ஆக்கிவிட்டார்கள்.

"மாடித் தம்பி, நாளைக்கு வெள்ளனவே கெளம்பணும்னு அந்த ஆள்கிட்ட சொல்லிடுங்க" என்பார் அண்ணன். அந்த ஆள் என் பக்கத்தில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருப்பான்.

"நான் எப்பவோ ரெடின்னு அவர்கிட்ட சொல்லிடுங்க" என்பான் இவன், பார்வையை என் மேலிருந்து எடுக்காமல்.

"ரெண்டு பேருக்கும் காது இருக்கு, வாய் இருக்கு. நடுவுல அவர் எதுக்கு?" என்று அண்ணி உள்ளேயிருந்து கத்துவார். "அவர் பாவம், எரிஞ்சுபோன மோட்டாரத்தான் சரிபண்ணுவாரு. எரிஞ்சுபோன மண்டைய எல்லாம் அவரால சரிபண்ண முடியாது."

சண்டை சோழியால் வந்தது. சோழி உயிரோடு இருக்கும்போது தன் சதையை வெளியே விட்டு ஓட்டின் மேல் போர்த்திக்கொண்டு இருக்கும். அதனால்தான் அந்தப் பளபளப்பு. மணலும் பாறையும் உரசும் கடலடியில் வாழ்ந்தும் ஒரு கீறல் இருக்காது. ஆனால் உள்ளே இருப்பதை எடுக்கும்போது அவசரப்பட்டால் எல்லாம் போச்சு. வெந்நீரில் போட்டால் மெருகு வெடித்துவிடும். கொல்லையில் மணல்குழி தோண்டிப் புதைத்துவிட்டு, எறும்பும் புழுவும் தங்கள் வேலையை முடிக்கும்வரை காத்திருக்க வேண்டும். பிறகு நல்ல தண்ணீரில் அலசி, பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து, எண்ணெய்த் துணியால் துடைக்க வேண்டும். அது அண்ணியின் வேலை. அந்த நாட்களில் கொல்லைப் பக்கம் தலை வைத்துப் படுக்க முடியாது. எனக்கு மாடியிலேயே குமட்டும். அண்ணிக்கு அது மூக்கிலேயே ஏறாது.

அண்ணன் காய்ச்சலில் படுத்திருந்த சமயம், இவ்வளவு நாள் யார் காத்திருப்பது என்று அவசரம் எங்கிருந்தோ ஆசிட் வாங்கிவந்து, அந்தப் பருவத்துச் சோழி முழுவதையும் அதில் முக்கி எடுத்துவிட்டான். சதை போனது. மெருகும் போனது. சுண்ணாம்புக்கட்டி போல வெளுத்துக் கிடந்தவற்றை அண்ணி மடியில் அள்ளிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அண்ணன் போர்வையோடு எழுந்து வந்து பார்த்தார்.

"கொன்னுட்டியேடா."

"அது ஏற்கெனவே செத்ததுதானே மாமா" என்றான் அவசரம்.

அன்றோடு பேச்சு நின்றது. அவனுக்கு இந்தப் பெயரை வைத்ததே அண்ணன்தான். அதன் பிறகு அந்தப் பெயரைச் சொல்லிக்கூட அவர் கூப்பிடவில்லை. அவன் "அந்த ஆள்" ஆகிவிட்டான்.

அவர்கள் படகில் ஒரு நியாயம் உண்டு. கூடைக்குள் போவது பொது. இடுப்பு மடிப்புக்குப் போவது எடுத்தவனுக்குச் சொந்தம். அதை யாரும் கேட்கக் கூடாது. அண்ணனின் இடுப்புக்குப் போனதெல்லாம் கூடத்துச் சன்னல் மேடைக்கு வரும். அங்கே ஒவ்வொரு வகையிலும் ஒன்று, விற்பதற்கு இல்லை, அண்ணி பார்ப்பதற்கு. நகம் அளவு முதல் உள்ளங்கை அளவு வரை வரிசையாக இருக்கும். அதில் ஓர் இடத்தை மட்டும் அண்ணி காலியாக விட்டு வைத்திருந்தார். துடைக்கும்போது அந்தக் காலி இடத்தையும் சேர்த்துத் துடைப்பார்.

அது பட்டுக்காரிக்கு வைத்த இடம். கைக்குள் அடங்குகிற நத்தை. ஒரு பக்கம் அகலமாகவும் மறுபக்கம் குறுகியும் இருக்கும். வெளிறிய ரோஜா நிறத் தரையில் காப்பி நிறத்தில் வலை பின்னியதுபோல் கோடுகள். ஒரு கண்ணி போல இன்னொரு கண்ணி இருக்காது. நெய்தவன் யாரோ அவசரமே இல்லாமல் உட்கார்ந்து நெய்திருக்கிறான். செத்துக் கரையொதுங்கும் கூடுகளில் நிறம் போய், விளிம்பு உடைந்திருக்கும். முழுதாக வேண்டுமென்றால் உயிரோடுதான் எடுக்க வேண்டும். உயிரோடு இருப்பது கடிக்கும், கடித்தால் பிழைப்பது கஷ்டம் என்று முங்குகிற எல்லோருக்கும் தெரியும். அதனால் பார்த்தாலும் விட்டுவிட்டு வருவார்கள். எடுத்தே ஆக வேண்டும் என்றால், உடனே டப்பாவில் போட்டு மூடிவிட வேண்டும். படகில் தகர டப்பா வைத்திருந்தது அதற்காகத்தான்.

அண்ணன் பட்டுக்காரியை எடுத்த நாள் காலையில் என்ன நடந்தது என்பதைப் பிற்பாடு இரண்டு பேரிடமும் கேட்டுத் தெரிந்துகொண்டேன். மழை மேகம் கட்டிக்கொண்டிருந்தது. இன்னும் ஒரு முங்குதான், திரும்பிவிடலாம் என்று அண்ணன் இறங்கியிருக்கிறார். மேலே வந்தபோது ஒரு கையில் பட்டுக்காரி. அகலமான பக்கத்தை இரண்டு விரலால் பிடித்திருந்தார். பிடித்த விதம் சரி. மறு கையால் படகின் விளிம்பைப் பற்றிக்கொண்டார். ஏறுவதற்கு இரண்டு கையும் வேண்டும். டப்பா அவசரத்தின் காலடியில்.

"டப்பாவ எடு." அவ்வளவுதான் சொல்ல வேண்டியிருந்தது. அவர் சொல்லவில்லை. அவன் தலையைத் திருப்பி மேகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். அண்ணன் பட்டுக்காரியைக் கைலியின் இடுப்பு மடிப்பில் செருகிக்கொண்டு படகில் ஏறினார்.

எறும்பு கடித்ததுபோல் சுருக்கென்று ஏதோ பட்டதாம். அதையும் சொல்லவில்லை. கொஞ்ச நேரத்தில் உதடு மரத்தது. கரையிலிருந்த பனைகளெல்லாம் இரண்டிரண்டாகத் தெரிந்தன. அப்போதும் சொல்லவில்லை. தலை சாய்ந்தபோது அவசரம் பார்த்திருக்கிறான். கோபக்காரர் தூங்குகிறார், தூங்கட்டும் என்று விட்டுவிட்டான்.

நான் வாசலில் ஒரு மோட்டாரைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தேன். அண்ணன் தள்ளாடி வந்தார். "காலங்காத்தால குடிச்சுட்டு வர்றீங்களா?" என்று அண்ணி ஈரக் கையோடு வெளியே வந்தவர், அவர் முகத்தைப் பார்த்ததும் மோவாயைப் பிடித்து நிமிர்த்தினார். இரண்டு இமையும் தொங்கிக்கொண்டிருந்தன. அவர் ஏதோ சொன்னார். நாக்கு புரளவில்லை. கால் மடங்கியது. அவசரமும் நானும் பாய்ந்து தாங்கினோம். கைலி தளர்ந்து, பட்டுக்காரி தரையில் விழுந்து உருண்டது.

எங்கள் மூன்று பேருக்கும் ஒரே நொடியில் விளங்கிவிட்டது.

அவசரம் பக்கத்தில் கிடந்த கல்லைத் தூக்கினான். அவன் முகத்தை நான் அப்படிப் பார்த்ததே இல்லை.

"கீழ போடுடா!" என்றார் அண்ணி. "எது கடிச்சுதுன்னு டாக்டர் கேப்பாங்க. நசுக்கிட்டு எதக் காட்டுவ? ஓடிப்போய் டப்பாவ எடுத்துட்டு வா."

தெருமுனைச் சரக்கு வண்டியில் அண்ணனை ஏற்றினோம். அண்ணி அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டார். அவசரம் டப்பாவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு எதிரே உட்கார்ந்திருந்தான். வழியெல்லாம் மழை. ஆஸ்பத்திரி வாசல் வருவதற்கும் அண்ணனின் மூச்சு நெஞ்சை விட்டுத் தொண்டைக்கு வருவதற்கும் சரியாக இருந்தது.

எங்கள் ஊர் ஆஸ்பத்திரி சின்னது. அன்று டாக்டரம்மா ஒருவரும் நர்ஸ் ஒருவரும்தான் இருந்தார்கள். டாக்டரம்மா டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு உடனே மூடினார். அண்ணனின் தொண்டைக்குள் ஒரு குழாயை இறக்கி, அதன் முனையில் ரப்பர் பை ஒன்றைப் பொருத்தினார். அமுக்கினார். அண்ணனின் நெஞ்சு உயர்ந்தது. விட்டார். தாழ்ந்தது.

"நல்லாக் கேட்டுக்கோங்க. இதுக்கு மாத்து மருந்து கிடையாது. நான் படிச்சிருக்கேன், பாத்தது இதான் முதல் தடவை" என்றார். "இந்த விஷம் இதயத்தத் தொடல. சதைய அசைய விடாமப் பண்ணுது. மூச்சு இழுக்கிற சதையும் சதைதானே. அது தானா இறங்குறவரைக்கும் இவருக்காக நாம மூச்சு விட்டா, இவர் பிழைச்சுக்குவாரு. விட்டோம்னா போயிடுவாரு."

"மிஷின் இருக்குல்ல?" என்றான் அவசரம்.

"பெரிய ஆஸ்பத்திரில இருக்கு. பாலத்து மேல தண்ணி போகுதாம். வண்டி வராது. உள்ள ஒரு பிரசவ கேஸ் இருக்கு, நானும் நர்ஸும் இங்கயே நிக்க முடியாது. நீங்கதான் மாத்தி மாத்தி அமுக்கணும். ரொம்ப வேகமும் வேணாம், ரொம்ப மெதுவாவும் வேணாம். நீங்க நிதானமா மூச்சு விடுங்க. உங்க ஒவ்வொரு மூச்சுக்கும் அவருக்கு ஒண்ணு. அழாதீங்க. அழுதா தப்பிப்போயிடும்."

அண்ணி முந்தானையால் முகத்தை ஒரு முறை அழுத்தித் துடைத்தார். மறுநாள்வரை அந்தக் கண்ணில் நான் தண்ணீரைப் பார்க்கவில்லை. அழுகையை ஒரு ஆள் அப்படி எடுத்து ஓரமாக வைக்க முடியும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

"இன்னொண்ணு" என்றார் டாக்டரம்மா, கிளம்பும்போது. "அவருக்குக் காது கேட்டுக்கிட்டு இருக்கலாம். நினைவு இருக்கலாம். கண்ணத் திறக்க முடியலன்னா இல்லன்னு அர்த்தமில்ல. பேசுங்க."

முதலில் அண்ணி அமுக்கினார். பிறகு நான். நான் பார்க்கிற வேலையில் தவறு செய்தால் கம்பி கருகும், திரும்பச் சுற்றிக்கொள்ளலாம். இங்கே என் உள்ளங்கைக்குள் இருந்தது ஒரு மனிதனின் மூச்சு. கூட்டம் கூட்டமாக மீன் ஓடுகிற ஆழத்தில் ஒரே மூச்சை வெகுநேரம் அடக்கிக் கிடந்துவிட்டு வருகிற மனிதன் அவர். அவரை ஒரு நத்தை, சுவரிலிருக்கும் சுவிட்சைத் தட்டுவதுபோலத் தட்டி அணைத்துவிட்டது. கட்டிலுக்கு அடியில் தகர டப்பாவுக்குள் அது சத்தமில்லாமல் இருந்தது.

அவசரத்தின் முறை வந்தது. அவன் கை பெரியது. பை அதற்குள் காணாமல் போனது.

"பேசுடா" என்றார் அண்ணி.

அவன் சுவரைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். தொண்டையைச் செருமினான்.

"அக்கா, அவர்கிட்ட சொல்லு..."

"நீயே சொல்லுடா! இப்பவும் ஆள் வச்சா பேசுவ?"

பையை நாலைந்து தடவை அமுக்கிய பிறகுதான் குரல் வந்தது.

"மாமா. நான்தான். அந்த ஆளு." அமுக்கினான். "ஒரு வார்த்தை கேட்டா என்ன கொறஞ்சு போயிருப்ப? டப்பாவ எடுடான்னு கேட்டா நான் என்ன மாட்டேன்னா சொல்லப்போறேன்? என் காலுக்குக் கீழதான இருந்துச்சு." அமுக்கினான். "நீ மேல வர்றத நான் பாத்தேன் மாமா. கையில ஏதோ இருக்குன்னும் பாத்தேன். கேக்கட்டும், கேட்டாத்தான் எடுத்துக் குடுக்கணும்னு மேகத்தப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன். போதுமா? இப்பச் சொல்லிட்டேன். எந்திரி."

அண்ணன் எழவில்லை. நெஞ்சு உயர்ந்தது, தாழ்ந்தது. அது அவன் கொடுத்த காற்று.

பிற்பகலில் டாக்டரம்மா வந்து அண்ணனின் இமையைத் தூக்கி டார்ச் அடித்துப் பார்த்தார். நாங்களும் எட்டிப் பார்த்தோம். அந்தக் கண் எங்களைப் பார்க்கவில்லை. வெளிச்சத்துக்குச் சுருங்கவும் இல்லை. பக்கத்துக் கட்டில் நோயாளிக்குத் துணையாக வந்திருந்த பெரியவர் தலையை ஆட்டினார். "பாவம், ஆள் போயாச்சு. எதுக்கு அந்த உடம்ப இன்னும் படுத்துறீங்க?"

அவசரத்தின் தோள் குலுங்கியது. பை தடுமாறியது. அண்ணி சட்டென்று எழுந்து தன் இரண்டு கையையும் அவன் கையின் மேல் வைத்து அமுக்கினார். ஒரு மூச்சுகூடத் தவறவில்லை.

"டாக்டர், அவரு சொல்றது நெஜமா?" என்று கேட்டார், அமுக்கிக்கொண்டே.

"கண்ணையும் அந்த விஷம்தான் கட்டிப்போட்டிருக்கு. அத வச்சு நான் முடிவு பண்ண மாட்டேன்" என்றார் டாக்டரம்மா. அவர் முகத்திலும் ரத்தமில்லை. "நாடி நல்லா இருக்கு. எப்ப இறங்கும்னு கேட்டா, சத்தியமா எனக்குத் தெரியாது. ஆனா இறங்கும்."

"அப்ப சரி" என்றார் அண்ணி. பெரியவர் பக்கம் திரும்பினார். "ஐயா, இவரு முங்கியிருக்காரு. முங்கினவரு மேல வர நேரமாகும். கரையில நிக்கிறவங்க போயிட்டாருன்னு நெனைக்கிறது எனக்குப் புதுசில்ல. கல்யாணமான நாள்லேருந்து தெனமும் இதத்தான் பண்றேன்."

பெரியவர் சாயந்தரம் எங்கள் மூன்று பேருக்கும் டீயும் ரொட்டியும் வாங்கிவந்து கொடுத்துவிட்டுப் போனார்.

அண்ணி குனிந்து டப்பாவைத் திறந்து பார்த்தது அந்த டீயின்போதுதான்; பை அப்போது என் கையில் இருந்தது. பட்டுக்காரி முழுவதுமாக உள்ளே சுருண்டு கிடந்தது.

"டேய், இதுக்குத் தண்ணி வேணும். போய்க் கடல் தண்ணி மொண்டுட்டு வா."

அவசரம் விறைத்துப்போய் நின்றான். "அக்கா, உனக்குப் புத்தி கெட்டுப்போச்சா? மாமாவ இப்படிப் படுக்கப் போட்டதுக்கு இது சாகட்டும்."

"எந்திரிச்சதும் மொத வேலையா அதத்தான் கேப்பாரு. செத்துப்போச்சுன்னு நான் சொல்ல முடியாது. அவரு அவ்வளவு ஆழத்துலேருந்து எனக்காக எடுத்துட்டு வந்தது. போ."

எந்திரிச்சதும் என்று சொன்னார் பாருங்கள், அந்த ஒரு வார்த்தைதான் அவனைக் கிளப்பியது. கொட்டுகிற மழையில் ஒரு காலி பாட்டிலை எடுத்துக்கொண்டு கடலுக்குப் போனான். நனைந்த கோழியாகத் திரும்பிவந்து, கல்லால் நசுக்கப் பார்த்த அதே கையால் டப்பாவுக்குள் தண்ணீரை ஊற்றினான். மெதுவாக, விளிம்போரமாக ஊற்றினான். அவன் மெதுவாகச் செய்து நான் பார்த்த முதல் வேலை அது.

பிரசவம் நல்லபடியாக முடிந்து டாக்டரம்மாவும் ஒரு முறை வந்து உட்கார்ந்து அமுக்கினார். அப்போது டப்பாவைப் பார்த்தபடி சொன்னார்: "இதால ஓட முடியாது, நீந்த முடியாது. ஆனா சாப்பிடுறது மீன். யோசிச்சுப் பாருங்க. ஓடுற மீன நகர முடியாத நத்தை பிடிக்கணும்னா, தொட்ட நொடியில மீன் நின்னுடணும். அதுக்காகத்தான் இவ்வளவு விஷம். ஒரு பல்லு, ஊசி மாதிரி, நடுவுல துளையோட. அத அம்பு மாதிரி எய்யும். மனுஷன் மேல இதுக்கு ஒரு கோபமும் கிடையாது."

நான் குனிந்து டப்பாவைப் பார்த்தேன். இத்தனை சின்ன ஒன்றுக்குள் இத்தனை யோசனையா? யார் யோசித்தது? அதற்குமேல் நினைக்க எனக்குத் தெம்பில்லை. என் முறை வந்துவிட்டது.

அந்த இரவு எப்படிப் போனது என்று சொல்ல எனக்குத் தெரியாது. விடிந்தபோது மூன்று பேர் கைகளும் வீங்கியிருந்தன. மழை விட்டிருந்தது. அண்ணனிடம் மாற்றமில்லை. காலை ஏறி வெயில் வந்து கட்டில் காலில் விழுந்தது. அண்ணி சுவரில் சாய்ந்து கண் மூடியிருந்தார். அவசரம் தரையில் உட்கார்ந்திருந்தான். நான் அமுக்கிக்கொண்டிருந்தேன். அமுக்கும்போது பை கொஞ்சம் கடினமாக இருந்தது. குழாயில் ஏதாவது அடைப்பா என்று பயந்து போனேன். அடுத்த முறையும் கை இலேசாகத் தடுக்கப்பட்டது. மூன்றாவது முறை நான் அமுக்குவதற்கு முன்பே பை தானாகக் கொஞ்சம் உள்வாங்கியது.

சுற்றி முடித்த மோட்டாருக்கு மின்சாரம் கொடுத்ததும் கைக்குள் ஒரு சின்ன உதறல் வரும். அந்த உதறலுக்காகத்தான் நான் இந்தத் தொழிலில் இருக்கிறேன். ஆனால் அது என்ன உதறல்! இதுதான் உதறல்.

"அண்ணி" என்றேன். "அண்ணி, இழுக்குறாரு. அவரே இழுக்குறாரு."

அப்போதுதான் அண்ணி அழுதார். ஒரு நாள் முழுக்க ஓரமாக எடுத்து வைத்திருந்ததையெல்லாம் சேர்த்து அழுதார். டாக்டரம்மா ஓடி வந்தார். ஆளுக்கு ஆள் தடுக்கி விழுந்தோம்.

குழாயை எடுத்தது சாயந்தரம். அண்ணன் இமையை முக்கால்வாசி திறந்திருந்தார். உதடு அசைந்தது. அண்ணி காதை வாயருகே கொண்டுபோனார். அவர் தலையை அசைத்து, அண்ணியைத் தாண்டி அவசரத்தைப் பார்த்தார்.

"மாப்ள" என்றார். காய்ந்த சருகை மிதித்ததுபோல் இருந்தது குரல். "டப்பாவ எடு."

அவசரம் கட்டிலுக்கு அடியில் புகுந்தான். டப்பாவை எடுத்துக்கொண்டு வெளியே வர அவனுக்கு வெகுநேரம் ஆனது. உள்ளேயே உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தான். கால் மட்டும் வெளியே தெரிந்தது. அதைப் பார்த்து அண்ணனுக்குச் சிரிப்பு வந்து, சிரிக்கத் தெம்பில்லாமல் இருமல் வந்தது. இருமக்கூடிய மனிதர் உயிரோடிருக்கிறார் என்று நாங்களும் சேர்ந்து சிரித்தோம்.

வீட்டுக்கு வந்த பிறகு ஒரு நாள் வாசலில் என்னோடு உட்கார்ந்திருந்தபோது சொன்னார்: "எல்லாம் கேட்டுச்சு தம்பி. அந்தப் பெரியவர் போயாச்சுன்னு சொன்னதும் கேட்டுச்சு. இல்லய்யா, இங்கதான் இருக்கேன்னு கத்துறேன், ஒரு மயிரும் அசையல. பயம்னா அதான் பயம். ஆனா ஒண்ணு. யார் அமுக்குறாங்கன்னு எனக்குத் தெரியும். உங்க மூச்சு ஒரே அளவா வரும், அளந்து குடுத்த மாதிரி. மாப்ள மூச்சு மலை மாதிரி வந்து மோதும், போதும்டா வெடிச்சிடப் போறேன்னு இருக்கும். உங்க அண்ணியோடது..." நிறுத்தினார். "சின்னதா, திட்டுற மாதிரியே வரும். அது வந்தா மட்டும் எனக்குப் பயமில்ல."

திறந்திருந்த கொல்லைக் கதவு வழியே அண்ணி சோழி அலசிக்கொண்டிருப்பது தெரிந்தது. இடது கையில் பிரஷ். வலது கை தண்ணீர்த் தொட்டிக்குள் சும்மா இருந்தது. சும்மா என்றா சொன்னேன்? அது திறந்து மூடிக்கொண்டிருந்தது. திறக்கும், மூடும். வந்ததிலிருந்தே நான் கவனித்துக்கொண்டுதான் இருந்தேன். சோறு போடும்போது, பேசும்போது, வாசலைப் பார்த்து நிற்கும்போது. அவருக்கே அது தெரியவில்லை.

"பாத்தீங்களா?" என்றார் அண்ணன் மெல்ல. "தூக்கத்துலயும் இப்படித்தான். விட்டா நான் நின்னுடுவேன்னு அமுக்கிக்கிட்டே இருக்கா. நான் என்ன சொல்லி நிறுத்த?"

பட்டுக்காரி தகர டப்பாவிலிருந்து பிளாஸ்டிக் தொட்டிக்கு மாறியிருந்தது. அவசரம் தினமும் போய்க் கடல் தண்ணீர் கொண்டுவந்து மாற்றினான். கூடவே ஒரு பொடிமீன். ஒரு நாள் நாங்கள் நாலு பேரும் குனிந்து நின்று பார்த்தோம். நத்தை மணலில் பாதி புதைந்து கிடந்தது. மீன் சுற்றிச் சுற்றி வந்தது. ஓட்டின் குறுகிய முனையிலிருந்து வாய் மெல்ல விரிந்தது. புனல் போல விரிந்தது. மீன் பக்கத்தில் வந்தது, நின்றது. நின்றது என்றால் அப்படியே, நடுத் தண்ணீரில், யாரோ நில் என்று சொன்னதுபோல். புனல் அதன்மேல் கவிந்தது. எல்லாம் ஒரு கண்சிமிட்டலில் முடிந்துவிட்டது.

அவசரம் தொட்டியின் விளிம்பிலிருந்து கையை எடுத்துக்கொண்டான்.

"இதான் எனக்கும் நடந்துச்சா?" என்றார் அண்ணன் கடைசியில். அவர் குரலில் கோபமில்லை. பெரிய ஆளிடம் அடிவாங்கியவனின் மரியாதைதான் இருந்தது.

"அக்கா, சன்னல்ல எடம் காலியா இருக்கே" என்றான் அவசரம். "நீ சொன்னா மண்ணுல பொதச்சுடலாம். எத்தன நாள் ஆனாலும் சரி, நான் தொடமாட்டேன். மெருகு ஒரு பொட்டு போகாது."

அண்ணியின் கை மூடிக்கொண்டது. "வேணாம். உள்ள ஒண்ணு மூச்சு விட்டுக்கிட்டு இருக்கு. அது இருக்கிற எடத்துலயே இருக்கட்டும். கொண்டுபோய் விட்டுட்டு வந்துடலாம்."

மறுநாள் கடல் வற்றும் நேரம் பார்த்துப் போனோம். பாறைத் திட்டின் ஓரத்தில் முழங்கால் தண்ணீர், அடியில் வெள்ளை மணல். அண்ணன் இன்னும் மெலிந்துதான் இருந்தார். அவசரம் அவர் முழங்கையைப் பிடித்திருந்தான்.

"மாமா, அங்க பாசி இருக்கு, வழுக்கும். காலத் தூக்கி வை. தூக்கி வைன்னா தூக்க மாட்டியா?"

"டேய், நான் உனக்கு முன்னாடியே கடலுக்கு வந்தவன்டா."

"வந்து என்ன கிழிச்ச? இடுப்புல செருகிக்கிட்டு வந்த."

இருவரும் திட்டிக்கொண்டே நடந்தார்கள். எனக்குத் தபால் வேலை போய்விட்டது.

அவசரம் டப்பாவைத் தண்ணீருக்குள் சாய்த்தான். பட்டுக்காரி உருண்டு மணலில் விழுந்து கிடந்தது. வெயில் தண்ணீருக்குள் ஆடியது. அந்தக் காப்பி நிற வலையும் அதோடு சேர்ந்து ஆடுவதுபோல் இருந்தது. அது அசையவில்லை. அண்ணி அண்ணனை ஒட்டிக் குனிந்து நின்றார். அண்ணியின் வலது கை தண்ணீருக்குள் திறந்தது, மூடியது, திறந்தது.

"செத்துருச்சா?" என்றான் அவசரம்.

"இருடா" என்றார் அண்ணன். "கொஞ்சம் இரு."

இருந்தோம். ஓட்டின் முனையிலிருந்து ஒரு சின்னக் குழாய் வெளியே வந்தது. நுனியில் ஒரு வளையம் போல நிறம். இப்படியும் அப்படியும் திரும்பித் தண்ணீரைத் துழாவியது. பக்கத்திலிருந்த ஒரு மணல் துகள் எழும்பி, குழாயின் வாயருகே போய் ஒதுங்கியது.

"மூச்சு இழுக்குது" என்றார் அண்ணன். "அந்தக் குழாயாலதான் அது மூச்சு விடும்."

அண்ணி அந்தக் குழாயையே பார்த்தார். பிறகு நிமிர்ந்து, ஈரச் சட்டை ஒட்டியிருந்த அண்ணனின் நெஞ்சைப் பார்த்தார். அது உயர்ந்தது. யாரும் அமுக்கவில்லை. தாழ்ந்தது. மறுபடி உயர்ந்தது. பட்டுக்காரி தன் காலை வெளியே விட்டு, மணலைத் தன்மேல் இழுத்துப் போர்த்திக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போனது. கடைசியில் குழாயின் நுனி மட்டும் வெளியே தெரிந்தது.

அண்ணியின் கை தண்ணீருக்குள் திறந்தது. திறந்தபடியே நின்றது.